பயப்படுவது யார்? மறதி நோயைப் பேசும் திகில் படங்கள்

பாட்டி தன் மோதிரத்தைக் கழற்றிப் பேத்தியின் விரலில் போட்டுவிடுகிறார். யாரும் கேட்கவில்லை, ஆசையாகத் தானே கொடுக்கிறார். பிறகு ஒரு சமயம் அதே மோதிரம் பேத்தியின் கையில் இருப்பதைப் பார்த்து அவர் முகம் மாறுகிறது. திருடிவிட்டாய் என்று பாய்கிறார். நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, விரல் வலிக்க அதைப் பிடுங்கிக்கொள்கிறார். 2020-ல் வந்த ‘ரெலிக்’ என்ற ஆஸ்திரேலியத் திகில் படத்தில் வரும் காட்சி இது. படத்தில் இதைவிடப் பயங்கரமானவை நிறைய இருக்கின்றன. ஆனால் வீட்டில் மறதி நோயாளி ஒருவரைக் கவனித்துக்கொண்டவர்களை உலுக்குவது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதில் பேய் எதுவும் இல்லை.

திருட்டுப் பழி சுமத்தும் இந்தக் காட்சி வேறு படங்களிலும் உருமாறி வருகிறது. ‘தி டேக்கிங் ஆஃப் டெபோரா லோகன்’ (2014) படத்தில் தோட்ட வேலைக்கு வைத்திருக்கும் சிறு மண்வாரியைக் காணோம். வீட்டுக்குப் படமெடுக்க வந்தவர்கள் திருடிவிட்டார்கள் என்று டெபோரா ஆவேசப்படுகிறார். ‘தி ஃபாதர்’ (2020) படத்தில் ஆண்டனி தன் கைக்கடிகாரத்தைத் தானே ஒளித்து வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ள வந்த பெண் எடுத்துவிட்டாள் என்று அடம்பிடிக்கிறார். மூன்று படங்களிலும் இது வருவதற்குக் காரணம் நோய்தான். மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ், அதாவது புதிய நினைவுகளைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதி. பொருளைப் பத்திரமான இடத்தில் வைத்தோம் என்ற நினைவே அங்கே பதிவாவதில்லை. பொருளைக் காணோம், தான் வைத்ததாகவும் நினைவில்லை என்றால், யாரோ எடுத்திருக்க வேண்டும். அவருக்கு மிச்சமிருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் இது ஒழுங்கான தர்க்கம்தான். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவராகிவிடுகிறார். ராப்பகலாகக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ மனைவியோதான் திருடி ஆகிறாள்.

டிமென்ஷியா என்னும் இந்த மறதி நோயைப் பற்றி நல்ல நாடகப் படங்கள் எவ்வளவோ வந்திருக்கின்றன. அவை நம்மை அழ வைக்கின்றன. ஆனால் இந்த நோய் வந்த வீட்டில் சோகத்தோடு பயமும் சேர்ந்தே குடியேறுகிறது. அந்தப் பயத்தைப் பேச நாடகப் படங்களுக்குக் கூச்சம், திகில் படங்களுக்கு அது தொழில். அதனால்தான் மறதி நோயும் திகில் படமும் சேர்ந்தது இயல்பான சேர்க்கை என்கிறேன். சரி, சேர்ந்தது நல்லதா கெட்டதா என்பதைப் படத்துக்குப் படம்தான் பார்க்க வேண்டும். அதைச் சொல்ல முடிவுகளையும் சொல்லியாக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

நோயின் அறிகுறிகளையே வரிசையாக எழுதிப் பாருங்கள், பாதித் திரைக்கதை கிடைத்துவிடும். வீட்டில் யாரோ ஒளிந்து வாழ்கிறார்கள் என்று நோயாளி உறுதியாக நம்புகிறார். கண்ணாடியில் தெரியும் வயதான முகம் தன்னுடையது என்று தெரியாமல், அந்நியர் யாரோ நுழைந்துவிட்டதாக மிரள்கிறார். இருட்டியபின் ஜன்னல் கண்ணாடியில் விழும் நிழலும் அவருக்கு ஆள்தான். அதனால் கண்ணாடிகளை மூடி வையுங்கள், மாலையிலேயே திரையை இழுத்துவிடுங்கள் என்று குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் படபடப்பும் கூடும். உடலின் உள் கடிகாரம் தடுமாறுவது, பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பு, மங்கிய வெளிச்சம் எல்லாமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. லூயி பாடி டிமென்ஷியா என்ற வகையில் இல்லாத மனிதர்களும் குழந்தைகளும் விலங்குகளும் துல்லியமாகக் கண்ணுக்குத் தெரிவார்கள். எதிரில் நிற்கும் மனைவி மனைவியே அல்ல, அவளைப் போல வேஷம் போட்டு வந்தவள் என்று சிலர் நம்புவார்கள். 1923-ல் இதை விவரித்த ஜோசப் கப்க்ரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. மறதி நோய்களில் இது தலைகாட்டுவது புதிதல்ல.

அல்சைமர் நோயின் வரலாறே சந்தேகத்தில்தான் தொடங்குகிறது. 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அகுஸ்தெ டேட்டர் என்ற ஐம்பது வயதைத் தொட்ட பெண்ணை மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் சந்தித்தார். குடும்பத்தார் முதலில் கவனித்தது மறதியைக்கூட அல்ல, கணவர் மீது திடீரென்று வந்த பொறாமையும் சந்தேகமும். அப்புறம்தான் நினைவு போவது தெரிந்தது. வீட்டில் பொருட்களை இங்கும் அங்கும் ஒளித்து வைத்தார், யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அலறினார். ‘நான் என்னையே தொலைத்துவிட்டேன்’ என்று அவர் சொன்னது மருத்துவக் குறிப்புகளின் வழியாக நமக்கு வந்திருக்கிறது. 1906-ல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கனில் நடந்த கூட்டத்தில் அல்சைமர் தன் முடிவுகளை வாசித்தார்.

அலறியவர் அகுஸ்தெ. திகில் படங்களை எடைபோட நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இந்த உண்மைதான். மறதி நோய் வந்த வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகப் பயப்படுபவர் நோயாளிதான். தெரிந்த வீடு தெரியாத வீடாகிறது. யார் யாரோ வந்து தொடுகிறார்கள், உடையைக் கழற்றுகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள். இதை மறக்காத படம் நேர்மையான படம். நோயாளியை மற்றவர்கள் பயப்படுவதற்கான பொருளாக மட்டும் நிறுத்துகிற படம், எவ்வளவு திறமையாக எடுக்கப்பட்டிருந்தாலும், அவருக்கு அநியாயம் செய்கிறது.

அநியாயம் செய்த படங்களில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எம். நைட் ஷ்யாமளனின் ‘தி விசிட்’ (2015). பார்த்தே இராத தாத்தா பாட்டி வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் போகிறார்கள். இரவானால் பாட்டி விசித்திரமாக நடந்துகொள்கிறார். அது பொழுது சாய்ந்ததும் வரும் குழப்பம், முதியவர்களுக்கு வருவதுதான் என்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லப்படுகிறது. கடைசியில் அந்த இருவரும் தாத்தா பாட்டியே இல்லை, மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி வந்த கொலைகாரர்கள் என்று தெரிகிறது. படம் விறுவிறுப்பாகத்தான் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் மாலை நேரக் குழப்பம் என்ற அறிகுறியை இந்தப் படத்தில் முதன்முதலாகக் கேள்விப்படும் ஒருவருக்கு மனதில் என்ன தங்கும்? வயதானவரின் சுருங்கிய உடம்பு, கட்டுப்பாடு இழந்த சிறுநீர், இரவு நடமாட்டம் எல்லாம் அருவருப்போடும் கொலையோடும் முடிச்சுப் போடப்படுகின்றன. இது பழைய வழக்கமும்கூட. 1962-ல் வந்த ‘வாட் எவர் ஹேப்பண்ட் டு பேபி ஜேன்’ வெற்றி பெற்றபின், வயதான பெண்ணைப் பைத்தியமாகவும் பயங்கரமாகவும் காட்டும் படங்கள் ஹாலிவுட்டில் தனி வகையாகவே வளர்ந்தன. மறதி நோய் பிற்பாடு அந்த அச்சில் ஊற்றப்பட்டது.

அல்சைமர் நோயாளிகளை நடைபிணங்களாகப் பேசும் பழக்கத்தைப் பற்றி சூசன் பெஹுனியாக் என்ற ஆய்வாளர் 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆள் போய்விட்டார், உடம்புதான் இருக்கிறது என்று சொல்லும்போது கவனிக்க வேண்டிய மனிதர் அங்கே இல்லை என்றே நாம் முடிவுகட்டிவிடுகிறோம். நோயாளியோடு சேர்ந்து வாழ்பவர்கள் களைப்பில் இப்படிச் சொல்வதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அது உண்மையல்ல என்பதற்குச் சான்று இருக்கிறது. அதுவும் சினிமாவை வைத்தே கிடைத்த சான்று. ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான படத் துண்டுகளையும் போட்டுக்காட்டினார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வின்படி, கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதை நோயாளிகள் மறந்துவிட்டார்கள். படம் கொடுத்த சோகமும் மகிழ்ச்சியும் மட்டும் அதன் பிறகும் நீடித்தன. திட்டியது மறந்துபோகும், திட்டு வாங்கிய வருத்தம் மறக்காது என்பதைத்தான் இது சொல்கிறது.

ஆடம் ராபிடெல் இயக்கிய ‘டெபோரா லோகன்’ இரண்டு மனதாக இருக்கும் படம். அதனாலேயே அது என்னை ஈர்க்கிறது. மியா என்ற மாணவி தன் ஆய்வுக்காக அல்சைமர் நோயாளி ஒருவரை வீட்டிலேயே இருந்து படமெடுக்க வருகிறாள். டெபோராவுக்கு இதில் விருப்பமில்லை. மகள் சாராதான் அவரைச் சம்மதிக்க வைக்கிறாள். காரணம் பணம். வீடு கையைவிட்டுப் போகும் நிலை, மியா கொடுக்கும் தொகை இல்லாவிட்டால் சமாளிக்க முடியாது. திகில் படங்கள் பணத்தைப் பேசுவது அபூர்வம், இந்தப் படம் அங்கேதான் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-ல் மறதி நோய் உலகத்துக்கு வைத்த செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் சம்பளம் வாங்காமல் செய்யும் பராமரிப்பின் மதிப்பு. நாளுக்குச் சராசரியாக 5 மணி நேரம், அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. சாரா அந்தக் கணக்குக்குள் வரும் ஒருத்தி. இரவில் தூக்கமில்லை, பகலில் குடிக்கிறாள், அம்மாவோடு பழைய மனக்கசப்பும் தீரவில்லை.

ஜில் லார்சனின் நடிப்பு இந்தப் படத்தின் முதல் பாதியைத் தூக்கி நிறுத்துகிறது. தொடக்கத்தில் அவர் எடுப்பாக உடுத்தி, தலைவாரி, கேமராவுக்கு முன் மரியாதையாக உட்கார்ந்திருப்பார். தனக்கு என்ன ஆகிறது என்பது அவருக்கே தெரியும். அந்தக் கௌரவம் ஒவ்வொன்றாக உதிர்வதை அவர் காட்டும் விதம் ஒரு மருத்துவ ஆவணப் படத்துக்கு ஈடு. இன்னொன்றும் உறுத்துகிறது. பார்வையாளரான நாம் அந்தக் கேமராவின் பக்கம் நிற்கிறோம். வேண்டாம் என்று சொல்லும் திறனே குறைந்துகொண்டு வரும் ஒருவரின் சம்மதத்துக்கு என்ன பொருள் என்று படம் நேரடியாகக் கேட்பதில்லை. ஆனால் நிர்வாணமாக, நிலைகுலைந்து நிற்கும் அவரைக் கேமரா விடாமல் பின்தொடரும்போது அந்தக் கேள்வி தானே எழும்.

இரண்டாம் பாதியில் விஷயம் வேறாகிறது. டெபோராவுக்கு வந்தது நோய் மட்டுமல்ல, முன்பு சிறுமிகளைக் கொன்ற ஒருவனின் ஆவி உள்ளே புகுந்திருக்கிறது என்று கதை திரும்புகிறது. பாம்புகள், சடங்கு, குகை எல்லாம் வருகின்றன. டெபோரா பாம்பைப் போலத் தாடையைப் பிளந்து ஒரு சிறுமியின் தலையை விழுங்கப் பார்க்கும், பலருக்கும் நினைவில் நிற்கும் அந்தக் காட்சியும் இங்கேதான். படம் பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் இந்தத் திருப்பத்தில்தான் சண்டை. எனக்குத் தோன்றுவது இது: ஆவி என்ற விளக்கம் பயமுறுத்துவதைவிட ஆறுதல்தான் தருகிறது. அம்மா அடித்தாள், கடித்தாள், என்னைத் தெரியவில்லை என்றாள், அதெல்லாம் அம்மா இல்லை, உள்ளே இருந்தவன் செய்தது. குற்றவாளிக்குப் பெயர் இருக்கிறது, வந்த காரணம் இருக்கிறது, விரட்டவும் வழி இருக்கிறது. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் ஏன் படிந்தது, ஏன் இவருக்கு என்று கேட்டால் அப்படி நேரான பதில் கிடையாது. விரட்டும் மந்திரமும் கிடையாது. காலம் காலமாக உலகெங்கும் குடும்பங்கள் இந்த நோயைப் பேய், சாபம், செய்வினை என்று விளங்கிக்கொண்டதன் பின்னால் இந்த ஆறுதல் தேடல் இருக்கிறது. படம் அந்த ஆறுதலை நமக்குக் கொடுத்துவிட்டு, நோயை வழியில் விட்டுவிட்டுப் போகிறது.

ஜோர்டன் கிரஹாமின் ‘சேட்டர்’ (2019) இதையே நிஜ வாழ்க்கையிலிருந்து எடுத்தது. கிட்டத்தட்ட எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்து எடுத்த சிறு படம். மறதி நோய் வந்திருந்த தன் பாட்டியையே அவர் நடிக்க வைத்தார். தனக்குள் கேட்ட குரலைப் பற்றிப் பாட்டி பேசியது கதையாகிவிட்டது. படம் மெதுவானது, எல்லோருக்கும் பிடிக்காது. அந்த முகம் வரும் இடங்களில் மட்டும் எது நடிப்பு, எது நோய் என்று பிரிக்க முடியாமல் தவிக்கிறோம்.

‘ரெலிக்’ படத்துக்கே திரும்பி வருகிறேன், இந்த வகையில் இதற்கு இணையாக இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. நடாலி எரிகா ஜேம்ஸின் முதல் முழுநீளப் படம் இது. ஜப்பானில் இருந்த அவருடைய பாட்டிக்கு அல்சைமர். பார்க்கப் போனபோது பாட்டிக்குப் பேத்தியைத் தெரியவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த குற்ற உணர்விலிருந்து இந்தக் கதை பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். எட்னா (ராபின் நெவின்) தன் வீட்டிலிருந்து காணாமல் போகிறார். மகள் கே (எமிலி மார்டிமர்), பேத்தி சாம் (பெல்லா ஹீத்கோட்) இருவரும் வந்து தேடுகிறார்கள். வீடெங்கும் குறிப்புச் சீட்டுகள். மாத்திரை சாப்பிடு என்பது போன்றவை முதலில் கண்ணில் படுகின்றன. பிறகு வேறு மாதிரிச் சீட்டு ஒன்று: அதைப் பின்தொடராதே. சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது. சில நாள் கழித்து எட்னா தானே திரும்பி வந்து, எதுவும் நடக்காததுபோல் நிற்கிறார். எங்கே போனார் என்று அவருக்கே தெரியாது.

இந்தப் படம் நோயை ஒரு ஆளாக்கவில்லை, வீடாக்கிவிட்டது. பிற்பகுதியில் சாம் ஒரு அலமாரிக்குப் பின்னால் போக, அங்கே முடிவே இல்லாமல் நடைவழிகள் நீள்கின்றன. கதவைத் திறந்தால் சுவர், திரும்பி வந்தால் வந்த வழியைக் காணோம், கூரை தாழ்ந்துகொண்டே வருகிறது. பாட்டி தினமும் வாழும் உலகத்துக்குள் பேத்தி மாட்டிக்கொள்கிறாள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதுவரை பாட்டியைப் பார்த்துப் பயந்தவள், இப்போது பாட்டி பயப்படுவதையே தானும் பயப்படுகிறாள். நான் சொன்ன அளவுகோலில் படம் தேறுவது இந்த இடத்தில்தான்.

குடும்பத்தின் பாடுகளையும் படம் கவனமாகப் பதிவு செய்கிறது. கே மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்க்கிறாள். அங்கே அவள் முகத்தில் தெரியும் சங்கடத்தைப் பல குடும்பங்கள் அடையாளம் கண்டுகொள்ளும். பாட்டியை அங்கே விடக்கூடாது, நான் இங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாம் சொல்கிறாள். ஒருநாளும் அந்த வேலையைச் செய்து பார்க்காதவர்களிடமிருந்து வரும் நல்ல மனது அது. இரண்டு பக்கமும் அன்புதான், ஆனாலும் அங்கே ஒரு விரிசல் விழுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் இப்போது ஏன் வருவதில்லை என்பதும் தெரியவருகிறது. ஒளிந்து விளையாடும்போது எட்னா அவனை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டியவர் மறந்துவிட்டார், மணிக்கணக்கில் அவன் உள்ளேயே கிடந்தான். எட்னா கொடுமைக்காரர் அல்ல. அந்தப் பையனின் அப்பா மகனை இனி அனுப்பாததும் தவறல்ல. இந்த நோய் வீட்டைச் சுற்றியிருக்கும் மனிதர்களை இப்படித்தான் ஒவ்வொருவராகக் கழித்துவிடுகிறது.

முடிவில் கேயும் சாமும் உருமாறிய எட்னாவிடமிருந்து தப்பி வாசல்வரை வந்துவிடுகிறார்கள். சாதாரணத் திகில் படமாக இருந்தால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கே திரும்புகிறாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் கிடத்தி, உடம்பில் ஒட்டியிருக்கும் தோலை மெல்ல மெல்ல உரித்தெடுக்கிறாள். உள்ளே கறுத்து வற்றிய ஓர் உருவம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. விவரித்தால் குமட்டும் இந்தக் காட்சி, திரையில் படுக்கையிலிருக்கும் நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடும் பொறுமையோடு நடக்கிறது. கே அம்மாவை அணைத்தபடி படுத்துக்கொள்கிறாள், சாம் கேயின் முதுகுப் பக்கம் வந்து படுக்கிறாள். பேயை ஓட்டவில்லை, வீட்டைக் கொளுத்தவில்லை. தெரியாத உருவமானாலும் அது அம்மாதான் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். டெபோரா லோகன் கொடுத்த ஆறுதலை இந்தப் படம் மறுத்துவிடுகிறது, அதனால் அன்புக்குச் செய்ய ஒரு வேலை மிச்சமிருக்கிறது.

அப்போது கேயின் முதுகில் ஒரு கறுப்புப் புள்ளியைச் சாம் பார்க்கிறாள். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா, என் மகளுக்கும் வருமா என்று பராமரிப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் இது. சாவியை எங்கே வைத்தோம் என்று ஒரு நிமிடம் மறந்தாலே நெஞ்சு திக்கென்று ஆகும் மகள்கள் எத்தனையோ பேர். படத்துக்கு இந்தப் புள்ளி பொருத்தம்தான், ஆனால் உண்மை நிலவரம் இவ்வளவு இருட்டாக இல்லை. ஒரே மரபணுவின் பிழையால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராகக் கடந்து, சிறு வயதிலேயே வரும் அல்சைமர் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மற்றபடி அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடுமே தவிர, வந்தே தீரும் என்றில்லை. ரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகைப்பழக்கம், காது கேளாமை, தனிமை என மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. உலகில் வரும் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ இவை வழிதரக்கூடும் என்பது அதன் கணிப்பு. அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் படுத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

திகில் படம் என்று பெயர் போடாமலே அதன் உத்திகளை எடுத்துக்கொண்ட படங்களும் உண்டு. ஃப்ளோரியன் ஸெல்லரின் ‘தி ஃபாதர்’ நம்மை நோயாளியின் தலைக்குள் உட்கார வைக்கிறது. குடியிருப்பின் சாமான்கள் காட்சிக்குக் காட்சி சத்தமில்லாமல் இடம் மாறுகின்றன. மகள் ஆன் உள்ளே வருகிறாள், முகம் வேறு நடிகையுடையது. ஆண்டனி திகைப்பதற்கு முன் நாம் திகைக்கிறோம். இந்த வேடத்துக்காக ஆண்டனி ஹாப்கின்ஸ் 83 வயதில் ஆஸ்கர் வாங்கினார். பேய் வீட்டுப் படங்கள் நூறு முறை செய்த வித்தைதான், இங்கே வீட்டைக் குலைப்பது ஆவி அல்ல, அவ்வளவே. காஸ்பர் நோயேயின் ‘வோர்டெக்ஸ்’ (2021) திரையை இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் கணவரையும் மறுபக்கம் மறதி நோய் வந்த மனைவியையும் காட்டுகிறது. ஒரே வீட்டில் இருவரும் இரண்டு சிறைகளில். கணவராக வருபவர் இத்தாலியத் திகில் பட இயக்குநர் தாரியோ அர்ஜென்டோ. கணவர் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தின் தாள்களைச் சுத்தம் செய்கிறேன் என்று மனைவி கழிப்பறையில் போட்டுவிடுகிறார். இயக்குநர் நோயேயின் அம்மாவுக்கும் இந்த நோய் இருந்தது.

மலையாளத்தில் 2024-ல் வந்த ‘கிஷ்கிந்தா காண்டம்’ பேய்ப் படமும் இல்லை, முழு நாடகமும் இல்லை, ஒரு மர்மப் படம். தன் மறதியை வீம்பாக மறைக்கும் அப்பு பிள்ளை என்ற முதியவர் தனக்குத் தானே குறிப்புகள் எழுதி வைத்துத் துப்பறிகிறார். ஒரே உண்மையைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறார், ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதிய இடி. இதைவிடப் பெரிய திகில் என்ன இருக்க முடியும் என்று கேட்கத் தோன்றுகிறது. நிஜ வீடுகளிலும் இப்படித்தான். இறந்துபோன கணவர் எங்கே என்று கேட்கும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னால், அவருக்கு அது முதல் செய்தி, முதல் அழுகை. நாளைக்கும் கேட்பார். சொல்வதா, கடைக்குப் போயிருக்கிறார் என்று சமாளிப்பதா என்று குடும்பங்கள் தவிப்பது இதனால்தான். ஆள் இருக்கும்போதே இழந்து, சடங்கும் இரங்கலும் இல்லாமல் துக்கப்படும் இந்த நிலையைத்தான் பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் தெளிவற்ற இழப்பு என்று விவரித்தார்.

வீட்டுக்கு வெளியே நடப்பதைக் காட்டிய படம் ஜேம்ஸ் ஆஷ்கிராஃப்டின் ‘தி ரூல் ஆஃப் ஜென்னி பென்’ (2024). நியூசிலாந்தில் ஒரு பராமரிப்பு இல்லம். ஜான் லித்கோ நடித்த முதியவர் கையில் ஒரு பொம்மையை மாட்டிக்கொண்டு இரவில் மற்றவர்களைச் சித்திரவதை செய்கிறார். பக்கவாதம் வந்து சேர்ந்த முன்னாள் நீதிபதியாக ஜெஃப்ரி ரஷ். அவர் புகார் செய்கிறார், யாரும் நம்பவில்லை. நினைவு பிசகிய ஆள் சொல்வதை எதற்குப் பெரிதுபடுத்துவது? இந்தப் படத்தின் பயம் முழுவதும் அந்த அலட்சியத்தில் இருக்கிறது. தன் வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் சாட்சியத்தை எடைபோட்ட மனிதரின் சாட்சியம் இப்போது செல்லுபடியாகவில்லை.

இவ்வளவு வந்தும் இந்தப் படங்கள் தொடாத இடங்கள் இருக்கின்றன. 2021 கணக்குப்படி உலகில் 5.7 கோடிப் பேர் மறதி நோயோடு வாழ்கிறார்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது பல ஆண்டுகள் நீளும் வாழ்க்கை. சினிமாவோ முதல் மறதியிலிருந்து கடைசிப் படுக்கைக்கு ஒன்றரை மணி நேரத்தில் தாவிவிடுகிறது. நடுவில் கிடக்கும் அந்தப் பெரிய பகுதியில்தான் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் ஒருவர் சிரிக்கிறார், பாடுகிறார், கோபப்படுகிறார், தன்னிடம் மறைத்துப் பேசுகிறார்கள் என்று கண்டுகொண்டு அழுகிறார். அந்த ஆண்டுகளை அவர் பக்கமிருந்து சொன்ன திகில் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. கூலிக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கதையும் அப்படித்தான். சில படங்களில் அவள் வருகிறாள், திருட்டுப் பழியை வாங்கிக்கொள்கிறாள், வேலையை விட்டுப் போகிறாள். அவள் வீட்டுக்குப் போனபின் என்ன நினைத்தாள் என்று ஒரு கேமராவும் அவளைத் தொடர்ந்து போனதில்லை. தெரியாத வீட்டில், தன்னைத் தெரியாத ஒருவரோடு, ஒவ்வொரு இரவும் தனியாக இருப்பவள் அவள்தான். திகில் படம் எடுக்க நினைப்பவர்கள் அவளிடமிருந்தும் தொடங்கலாம்.